கசப்பை இறக்கி வையுங்கள்!

'கெடுதல் பண்ணினது அவங்க... மன்னிக்கிறது மட்டும் நானா டாக்டர்?' சர்ச்சுக்குத் தவறாமல் போகிறவர்கள்கூட இப்படிக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்!

கோபத்தால் பித்தம் மிகும் என்கிறது சித்த மருத்துவம். நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். பழசை நினைக்கும் ஒவ்வொரு முறையும் உடம்புக்கு அது புதுக் கோபம்தான். தூக்கம் கெடுவது உங்களுக்கு. கெடுதல் செய்தவருக்கு அல்ல.

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்துவந்த கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு சிறுவயது மகன்களும் வண்டிக்குள் தூங்கும்போது எரித்துக் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார் மனைவி கிளாடிஸ். ஒடிசாவிலேயே தங்கி, கணவர் விட்ட சேவையையும் தொடர்ந்தார். வழக்கு மட்டும் நிற்கவில்லை; 2003-ல் தண்டனை வந்தது.

ஆக, மன்னிப்பது என்றால் 'நடந்தது சரி' என்பதல்ல. அடிக்கிறவரோடு இருந்தே தீரணும் என்பதும் அல்ல. பழிவாங்கும் பொறுப்பைக் கடவுளிடம் விட்டுவிடுவது, அவ்வளவுதான்.

இன்றிரவு பரமண்டல ஜெபத்தில் மன்னிப்புக் கேட்கும் இடம் வரும்போது கொஞ்சம் நிறுத்துங்க. அந்த ஒருவரின் பெயரை மனசுக்குள் சொல்லுங்க. நாளைக்குக் கசப்பு திரும்ப வந்தால்? திரும்பவும் சொல்லுங்க. ஒரே வேளை மருந்தில் நாள்பட்ட நோய் தீருமா என்ன?