மூன்றரை மணி வரை மூளை தாங்குமா?

காலை 9.15க்குத் திறக்கும் பங்குச் சந்தை மாலை 3.30க்கு மூடுகிறது. இடைப்பட்ட ஆறேகால் மணி நேரமும் விலை அசைந்துகொண்டே இருக்கும். மெட்ராஸ் பங்குச் சந்தை 1937இல் தொடங்கி 2015இல் விடைபெற்றது. இன்று சென்னையை அடுத்த பட்டாபிராமில் இருப்பவர் பங்கு வாங்க ஜார்ஜ் டவுன் பக்கம் போக வேண்டியதில்லை, கையிலிருக்கும் போனே போதும்.

பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 மாடி டைடல் ஐ.டி. பூங்கா திறக்கப்பட்டது. அம்பத்தூர் கம்பெனிகளுக்குப் போய்வருவோரும் இந்த ரயில் தடத்தில் ஏராளம். இரவு ஷிஃப்ட் முடித்து, காலை மின்சார ரயிலில் வந்து இறங்கி, குளித்துவிட்டு நேராக இன்ட்ராடேயில், அதாவது அன்றே வாங்கி அன்றே விற்கும் வர்த்தகத்தில், உட்காருபவரை நினைத்துப் பாருங்கள். முந்தைய நாள் மாலை 4 மணிக்கு எழுந்தவர் என்றால், சந்தை திறக்கும்போது அவர் விழித்து 17 மணி நேரம் கடந்திருக்கும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் 1997இல் அளந்தது இந்த நிலையைத்தான். 17 மணி நேரம் தூங்காதவரின் கை, கண், கவன ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவருடையதைப் போல இருந்தது. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்படும் அளவு 0.03 சதவீதம். வண்டிச் சாவியைத் தொடக் கூடாத நிலையில் சேமிப்பைத் தொடுவது எனக்குப் பெரும் கவலை தருகிறது. காபி குடித்தால் தெளிந்துவிடும் என்பார்கள். ஆனால் தூக்கத்தைத் தூண்டும் அடினோசின் மூளையில் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். அதன் செய்தி போய்ச் சேராமல் காஃபீன் தற்காலிகமாக மறிக்கிறது, அவ்வளவே.

நன்றாகத் தூங்கி எழுந்தவருக்கும் வேறொரு சிக்கல் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ரேடார் திரையைக் கண்காணித்தவர்கள் நேரம் போகப் போக ஏன் சமிக்ஞைகளைத் தவறவிடுகிறார்கள் என்று பிரிட்டனில் நார்மன் மேக்வொர்த் ஆராய்ந்தார். அவர் சோதனைக்குப் பயன்படுத்தியது எண்கள் இல்லாத ஒரு கடிகார முகம். முள் ஒவ்வொரு படியாகத் தாவும். எப்போதாவது இரண்டு படி தாவும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் அரை மணி நேரத்திலேயே கவனம் சரியத் தொடங்கியது. ஐந்து நிமிட சார்ட்டைப் பார்ப்பவரின் வேலையும் இதே ரகம்தான். நூறு அசைவில் தொண்ணூற்றொன்பது அர்த்தமற்றவை. அந்த ஒன்றுக்காக எல்லாவற்றையும் பார்க்கிறார்.

பாரிஸில் வீலர், பெசிக்லியோன் குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆழமாகப் போனது. ஆறு மணி நேரத்துக்கு மேல் கடினமான மூளை வேலை செய்தவர்களின் முன்மூளையின் பக்கப் பகுதியில் குளுட்டமேட் கூடியிருந்தது. பொறுத்திருந்தால் கிடைக்கும் பெரிய தொகையைவிட, உடனே கைக்கு வரும் சிறிய தொகையையே அவர்கள் அதிகம் நாடினார்கள். இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது ஆப்ஷன் ஒப்பந்தங்கள் காலாவதியாகும் எக்ஸ்பைரி நாளின் மதியம் இரண்டே முக்கால் மணி. ஆப்ஷன் பிரீமியம் கரைகிறது, நஷ்டம் சிவப்பில் ஓடுகிறது, “விட்டதைப் பிடிச்சிடலாம்” என்று விரல் இன்னொரு லாட் வாங்குகிறது. காலையில் அதே ஆள் அதைச் செய்திருக்க மாட்டார்.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் கணக்கும் இங்கே பொருந்துகிறது. 2022–23இல் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் 71 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். ஆண்டுக்கு 500 முறைக்கு மேல் வர்த்தகம் செய்தவர்களில் அது 80 சதவீதம். தரகும் வரியும் தின்றது ஒரு பங்கு; எல்லாப் பழியையும் களைப்பின் மீது போட முடியாது. ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் 2024 மார்ச் வரையான மூன்றாண்டுகளில் 93 சதவீதம் பேர் பணம் இழந்தார்கள். எந்தக் கவனப் பயிற்சியும் இந்தச் சாய்வை நிமிர்த்திவிடாது. நஷ்டம் பெருகாமல் காப்பதற்கே அது உதவும்.

எனவே, மதியம் எடுக்க வேண்டிய முடிவைக் காலையிலேயே எடுத்து வைப்பதுதான் வழி. ஸ்டாப்லாஸ் மனதில் இருந்தால் போதாது, ஆர்டராகப் போட்டிருக்க வேண்டும். திரையை முறைத்துக்கொண்டிருக்காமல் விலை அலர்ட் வைத்துவிட்டு எழுந்து போகலாம். இடைவேளையில் வாட்ஸ்அப் பார்ப்பது ஓய்வாகாது. விட்டுவந்த வேலை மனதில் பாதி ஒட்டிக்கொண்டே இருக்கும் என்று ஆய்வாளர் சோஃபி லெரோய் 2009இலேயே காட்டியிருக்கிறார். சில தரகுச் செயலிகளில் கில் ஸ்விட்ச் இருக்கிறது. அதை அழுத்தினால் சில மணி நேரத்துக்கு வர்த்தகம் செய்ய முடியாது. அன்றைய நஷ்ட வரம்பு தாண்டியதும் அதை அழுத்துங்கள்.

அழுத்திய பிறகும் கை பரபரத்து, கடன் வாங்கியாவது உள்ளே போகத் தோன்றினால் அதைக் களைப்பு என்று எண்ணிவிட வேண்டாம். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம். வீட்டில் இருப்பவர்களும் அழைக்கலாம்.