மணமற்ற நஞ்சை நிறுக்கும் பளிங்கு

1995ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி காலை, டோக்கியோ நகரின் நிலக்கீழ்ப் புகைவண்டிகள் ஐந்தில் சாரின் என்னும் நரம்பு நஞ்சு சிந்தப்பட்டது. பன்னிரண்டு பேருக்கு மேல் மாண்டனர், ஆயிரக்கணக்கானோர் துன்புற்றனர். தூய சாரினுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மூக்கு அறியாததை எது அறிவிப்பது? ஒரு சிறு பளிங்குத் துண்டு அறிவிக்கக்கூடும்.

குவாட்சுப் பளிங்கை அமுக்கினால் மின் தோன்றும் என்பதைப் பிரான்சிற் கியூரி சகோதரர் 1880இற் கண்டனர். மறுதலையாக, மாறும் மின்னை ஊட்டினால் அப்பளிங்கு இடையறாது அதிரும். அந்த அதிர்வு நம் செவிக்கு எட்டாது. செக்கனுக்கு ஒரு கோடி முறை என்பது அதற்குச் சாதாரணம். அதன்மீது ஏதேனும் படிந்தால் அதிர்வு சற்றே தளரும். தளர்ச்சி, படிந்த திணிவுக்கு நேர்விகிதசமமானது என 1959இல் ஜெர்மானிய அறிஞர் சவர்பிறே காட்டினார். சதுர சதமமீற்றருக்கு ஏறத்தாழ 4.4 நனோகிராம் படிந்தாலே, அந்த ஒரு கோடியில் ஓர் அதிர்வு குறைந்துவிடும். நனோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு! பொற்கொல்லர் தராசும் இதன்முன் நாணவேண்டியதுதான்.

ஆனால், தராசு நிறையை அறியுமேயன்றிப் பொருளை அறியாது. பொருளைத் தெரிந்தெடுப்பது பளிங்கின்மேற் பூசப்படும் மெல்லிய பல்பகுதியப் படலம். பூசிய பளிங்கால் ஆவிகளை அறியும் முறையை 1964இல் அமெரிக்கரான வில்லியம் கிங் வெளியிட்டார். 1979இல் வோல்ட்சென், டெசி என்போர் பளிங்கின் மேற்பரப்பில் ஓடும் அலைகளையே இப்பணிக்குப் பயன்படுத்தினர்.

சாரினுக்கெனப் புளோரீன் சேர்ந்த பல்பகுதியங்கள் ஆக்கப்பட்டன. அவற்றின் ஐதரொட்சில் கூட்டங்கள், சாரினின் பொசுபரசோடு இணைந்த ஒட்சிசனை ஐதரசன் பிணைப்பாற் பற்றுகின்றன. அப்பிடி தளர்வானது; தூய காற்று வீசினால் நஞ்சு விலகிவிடும். இறுகப் பற்றியிருப்பின் கருவி ஒருமுறை மணியடித்து ஓய்ந்துபோம்.

தளர்ந்த பிடிக்கும் விலையுண்டு. ஈரப்பதனும் வேறு ஆவிகளும் அப்படலத்திற் புகும். வெப்பநிலை மாறினும் அளவு பிறழும். ஆதலால் வெவ்வேறு படலம் பூசிய பல பளிங்குகளை ஒருங்கே வைத்து, அவை யாவும் தரும் விடைகளின் கோலத்தைக் கணினியால் ஒப்பிடுகின்றனர். அதன் பின்னும் ஐயம் எஞ்சும். எச்சரிக்கை எல்லையைத் தாழ்த்தினால் நெரிசல் மிக்க நிலையத்தில் வீண் பீதி கிளம்பும். உயர்த்தினால் நஞ்சு தப்பிவிடும்.

காற்றைச் சிறிதுநேரம் உறிஞ்சு பொருளொன்றில் திரட்டி, பின் சூடேற்றி ஒருசேரப் பளிங்கின்மேற் செலுத்துவதும் உண்டு. அதனால் மிக ஐதான ஆவியும் புலப்படும். ஆயின் திரட்டும் அச்சில நிமிடங்களிலும் மேடையில் நிற்போர் மூச்சுவிட்டுக்கொண்டே இருப்பர்.