ஆட்டம் ஓய்ந்தவர்களின் கையெழுத்து



அஞ்சல் தலை சேர்ப்பவர்களை நாம் அறிவோம். பழைய நாணயம் சேர்ப்பவர்களையும் அறிவோம். விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட சிறிய அட்டைகளைச் சேர்த்து, அவற்றில் அந்த வீரர்களிடமே கையெழுத்து வாங்கி வைப்பவர்களும் உலகில் பல்லாயிரவர் இருக்கிறார்கள். அவர்களுள் ஒரு சாரார், இன்று ஆடிக்கொண்டிருப்பவர்களை விட்டுவிட்டு, ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களையும் முதிய பயிற்றுநர்களையுமே தேடிச் செல்கின்றனர். இப்பொழுதுபோக்கு எப்படித் தோன்றியது, எப்படி நடைபெறுகிறது, நமக்கு இதில் என்ன பயன் என்பவற்றை இன்றைய உரையில் காண்போம்.

முதலில் அட்டையின் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் சிகரெட் பெட்டிகள் மெல்லிய தாளால் ஆனவை. உள்ளே இருக்கும் சிகரெட்டு நசுங்காமலிருக்க ஒரு கெட்டி அட்டையைச் செருகினார்கள். வெற்று அட்டையாக வைப்பானேன் என்று அதில் நடிகையர் படங்களையும் விளையாட்டு வீரர்களின் படங்களையும் அச்சிட்டார்கள். தந்தை புகைத்து முடித்ததும் பிள்ளை அட்டையை எடுத்துக்கொண்டான். பிற்காலத்தில் சிகரெட்டின் இடத்தை மெல்லும் மிட்டாய் பிடித்தது. அட்டை மட்டும் நிலைத்துவிட்டது.

கூடைப்பந்துக்கு இந்த அட்டைகள் சற்றுத் தாமதமாகவே வந்தன. 1948ஆம் ஆண்டு போமன் என்ற மிட்டாய் நிறுவனம் 72 அட்டைகள் கொண்ட ஒரு தொகுதியை வெளியிட்டது. அக்காலத்தின் நெடிய வீரர் ஜார்ஜ் மைக்கனின் அட்டை அத்தொகுதியில்தான் உள்ளது. 1957இல் டாப்ஸ் நிறுவனத்தின் 80 அட்டைகள் வந்தன. இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல உயரமும் கொண்ட அந்த அளவே இன்றும் பொது அளவாக வழங்குகிறது. 1986இல் ஃபிளியர் நிறுவனம் வெளியிட்ட 132 அட்டைகளுள் மைக்கேல் ஜோர்டனின் அட்டையும் ஒன்று. அன்று சில காசுகளுக்குக் கிடைத்த அந்த அட்டைக்கு இன்று பெரும் பணம் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

சரி, அட்டையில் கையெழுத்து எதற்கு? அச்சு இயந்திரம் ஒரே படத்தை இலட்சம் முறை அச்சிடும். அவ்விலட்சமும் ஒன்றுபோலவே இருக்கும். வீரர் தம் கையால் ஒரு கோடு இழுத்துவிட்டால் அந்த அட்டை மற்றவற்றிலிருந்து தனித்துப் போகிறது. அந்த மனிதர் இதனைக் கையில் பிடித்திருந்தார், சில விநாடிகள் இதன்மீது கருத்து வைத்திருந்தார் என்பதற்கு அக்கோடு சான்றாகிறது.

ஓய்வு பெற்றவர்களை நாடுவது ஏன் என்றும் கேட்கலாம். புகழின் உச்சியில் இருப்பவரைச் சுற்றிக் கூட்டம் நெருக்கும். அவர் நடந்துகொண்டே கிறுக்கிவிட்டுப் போவார். ஓய்வு பெற்றவருக்கு நேரமிருக்கிறது. தம்மை இன்னும் ஒருவர் நினைவில் வைத்திருக்கிறார் என்ற மகிழ்ச்சியும் இருக்கிறது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இரா என்பார்கள். பழைய ஆட்டக்காரரிடம் ஓர் ஆட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கையெழுத்தோடு ஒரு வரலாறும் சேர்ந்து வரும்.

இவ்வகையில் இருவரைக் குறிப்பிட வேண்டும். ஜான் வூடன் என்பவர் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பயிற்றுநர். 1964 முதல் 1975 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து முறை தேசிய வெற்றியைத் தம் அணிக்குத் தேடித் தந்தவர். பள்ளியில் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றியவர் அவர். 2010ஆம் ஆண்டு தமது 99ஆம் வயதில் மறைந்தார். முதுமையிலும் தம்மைத் தேடி வந்தவர்களுக்கு முகம் சுளிக்காமல் கையெழுத்திட்டவர் என்று பெயர் பெற்றவர்.

மற்றவர் பில் ரசல். பதின்மூன்று பருவங்களில் பதினொரு முறை வாகை சூடிய அணியின் தூண் அவர். ஆனால் நெடுங்காலம் அவர் கையெழுத்திட மறுத்தே வந்தார். கேட்பவரிடம், கையெழுத்து வேண்டாம், கைகுலுக்கி இரண்டு வார்த்தை பேசுவோம் என்பாராம். இதனைச் செருக்கு என்று சிலர் எண்ணினார்கள். சிந்தித்துப் பார்த்தால், தாள் பெரிதா, ஆள் பெரிதா என்ற கேள்வியை அவர் எழுப்பினார் என்றே தோன்றுகிறது. சேகரிப்பவர் ஒவ்வொருவரும் இக்கேள்வியை மனத்தில் வைத்திருப்பது நல்லது.

இனி நம் பக்கம் வருவோம். உலு திராம் வட்டாரத்தில் கூடைப்பந்தைக் காட்டிலும் காற்பந்துக்கே மதிப்பு அதிகம். தோட்டத்துத் திடலில் மாலை நேரப் பந்தாட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஜொகூர் 1985ஆம் ஆண்டு மலேசியக் கிண்ணத்தை வென்றதையும், 1991இல் லீக் வெற்றியோடு மீண்டும் அக்கிண்ணத்தைக் கைப்பற்றியதையும் இங்குள்ள பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். பேருந்து ஏறி லார்க்கின் அரங்கத்துக்குப் போய்ப் பார்த்தவர்களும் உண்டு. ஆனால் அந்த ஆட்டக்காரர்களுள் எத்தனை பேரின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியும்?

கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தை எடுத்துக்கொள்வோம். நீண்ட கைகளால் எட்டிப் பந்தைப் பற்றியதால் 'ஸ்பைடர்மேன்' என்று இரசிகர்கள் அவரை அழைத்தார்கள். 1980ஆம் ஆண்டு ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு மலேசியா தகுதி பெற்ற அணியில் அவர் இருந்தார். அரசியல் காரணமாக நம் நாடு அவ்வாண்டு ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. அந்த அணி மாஸ்கோவை மிதிக்கவே இல்லை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் ஆறுமுகம் மறைந்தபோது அவருக்கு வயது 35. அவருடன் ஆடிய மொக்தார் டஹாரி 1991இல் நரம்பு நோயால் மறைந்தார். அவருக்கோ வயது 37.

நேயர்களே, இதில் ஒரு கணக்கு அடங்கியிருக்கிறது. ஒருவர் மறைந்த நாளோடு அவருடைய கையெழுத்தின் எண்ணிக்கை முடிந்துவிடுகிறது. அதன்பின் ஒன்று கூடக் கூடாது. ஈரத்திலும் தீயிலும் குப்பையிலும் குறையத்தான் செய்யும். முதியவரின் கையெழுத்தை நாளை வாங்கலாம் என்று தள்ளிப் போடலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

ஓட்டத் திடலிலும் நமக்குப் பெருமைக்குரியவர்கள் இருக்கிறார்கள். மருத்துவர் எம். ஜெகதீசன் 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசிய சாதனை 2017 வரை, அதாவது 49 ஆண்டுகள் நின்றது. அதே பேங்காக் போட்டியில் மகளிர் 400 மீட்டரில் எம். ராஜாமணி தங்கம் வென்றார். தமிழகத்திலோ சென்னையின் அனிதா பால்துரை பதினெட்டு ஆண்டுகள் இந்தியக் கூடைப்பந்து அணிக்கு ஆடி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அமெரிக்காவில் சாதாரண மாற்று ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை உண்டு. நம் நாட்டில் அவ்வழக்கம் வேரூன்றவில்லை. ஆகவே அட்டையை நாமே செய்துகொள்ள வேண்டும். செய்வது எளிது. மணிலா அட்டையைச் சொன்ன அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். படத்தின் நகலை மேற்பக்கம் ஒட்டி, கீழே கையெழுத்துக்கு அரை அங்குலம் வெற்றிடம் விடுங்கள். பின்பக்கத்தில் பெயர், ஆடிய அணி, ஆண்டு, இடம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். இவ்விவரங்களைத் தேடிச் சரிபார்க்கும்போதே பிள்ளைகளுக்கு நாட்டு வரலாற்றில் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

அடுத்து, கையெழுத்தைக் கேட்கும் முறை. நேரில் கேட்பதானால் உணவு உண்ணும் நேரத்திலும், துக்க வீட்டிலும், மருத்துவமனையிலும் கேட்கக் கூடாது. அஞ்சலில் கேட்பதானால் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். உங்கள் பெயர், வயது, அவருடைய எந்த ஆட்டத்தைப் பற்றி எவரிடம் கேட்டறிந்தீர்கள் என்பவற்றைக் கையால் எழுதுங்கள். ஓர் அட்டை, மிஞ்சினால் இரண்டு. பத்து அட்டை அனுப்பினால் பெறுபவர் உங்களை வியாபாரி என்றே எண்ணுவார். உங்கள் முகவரி எழுதி, அஞ்சல் தலை ஒட்டிய பதில் உறையை உள்ளே வைக்க மறவாதீர்கள். அவர் நேரத்தைக் கேட்கும் நாம், அவர் காசையும் கேட்கலாகாது. வெளிநாட்டவருக்கு நம் அஞ்சல் தலை பயன்படாது. இச்சிக்கலைத் தீர்க்கவே 1906ஆம் ஆண்டு ரோம் நகரில் கூடிய அனைத்துலக அஞ்சல் ஒன்றியம் பதில் கூப்பன் முறையைக் கொண்டுவந்தது. பிற்காலத்தில் பல நாடுகள் அதன் விற்பனையை நிறுத்திவிட்டன. முதலில் அஞ்சலகத்தில் விசாரித்துக்கொள்வது நலம்.

பதில் வராவிட்டால் வருந்த வேண்டாம். மறுப்பது அவர் உரிமை. வந்துவிட்டால் நன்றிக் கடிதம் எழுதுவது நம் கடமை.

வழுவழுப்பான படத்தில் பந்துமுனைப் பேனா வழுக்கும், அழுத்தினால் பள்ளம் விழும். அழியா மையுள்ள மெல்லிய மார்க்கர் பேனாவே ஏற்றது. நீல மை சிறந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பு மையால் எழுதினால், அது அச்சோ எழுத்தோ என்ற ஐயம் பின்னாளில் எழும்.

ஐயம் என்றதும் போலிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியுள்ளது. பணம் புழங்கும் இடத்தில் பொய்யும் புழங்கும். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை கலிபோர்னியாவில் ஒரு பெரிய போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தது. கைப்பற்றிய பொருள்களில் அன்னை தெரேசாவின் கையெழுத்திட்ட பேஸ்பால் பந்தும் இருந்தது என்றால், அவர்களின் துணிச்சலை என்னவென்பது!

போலியைக் கண்டறியச் சில எளிய வழிகள் உண்டு. பூதக்கண்ணாடியால் பாருங்கள். கையெழுத்தும் படத்தைப் போலவே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு. உண்மையான மை தாளின் மேல் படிந்து, வெளிச்சத்தில் சாய்த்தால் தனியாக மின்னும். ஒரே மனிதரின் இரண்டு கையெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மயிரிழையும் பிசகாமல் பொருந்தினால் ஐயப்படுங்கள். உயிருள்ள கை இரு முறை ஒன்றுபோல் எழுதாது. நடுங்கித் தயங்கி, இடையிடையே நின்று நின்று இழுத்த கோடு, பார்த்து வரைந்ததாக இருக்கக்கூடும். ஆனால் முதியவர் கை இயல்பாகவே நடுங்கும் என்பதையும் மறந்துவிடலாகாது.

இவை எல்லாவற்றினும் சிறந்த சான்று ஒன்று உண்டு. 'இன்னாருக்கு அன்புடன்' என்று உங்கள் பெயரையும் எழுதித் தரும்படி கேளுங்கள். விற்பனைச் சந்தையில் பெயர் எழுதிய அட்டைக்குப் பெரும்பாலும் விலை குறைவு. ஆயினும் இவ்விரு மனிதர்க்கும் இடையே ஓர் உறவு இருந்தது என்பதை அந்தப் பெயர்தான் சொல்லும். விற்பதற்கு வாங்குகிறீர்களா, வைத்திருப்பதற்கு வாங்குகிறீர்களா என்று முதியவர் அறிந்துகொள்வதும் இதனால்தான்.

வாங்கியதைக் காப்பாற்றுவது அடுத்த பாடம். மழையும் புழுக்கமும் மிகுந்த ஜொகூரில் பூஞ்சணமே முதல் பகைவன். அட்டைகளைச் சுவரோரம் வைக்காதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள பெட்டியில் வைத்து, மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். மலிவான பி.வி.சி. பிளாஸ்டிக் உறை நாளடைவில் பிசுபிசுத்து மையை உரித்தெடுத்துவிடும். பாலிப்ரொப்பிலீன் உறை பாதுகாப்பானது. வெயில் படும் சுவரில் மாட்டினால் மை வெளுக்கும். பிளாஸ்டிக் ஏடு ஒட்டும் லாமினேட் வேலையை மட்டும் செய்துவிடாதீர்கள். ஒருமுறை சூட்டில் ஒட்டிவிட்டால் பிறகு பிரிக்க வழியே இல்லை.

நிறைவாக ஒன்று. நாட்டுக்காக ஆடியவர்களிடம் மட்டும் கையெழுத்து வாங்கினால் போதாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறிவருகின்றன. திடல்கள் மறைந்துவிட்டன. தோட்ட அணிகளில் ஆடியவர்கள் பல ஊர்களுக்கும் சிதறிவிட்டார்கள். விடியலில் பால் வெட்டி, மாலையில் வெறுங்காலோடு பந்து உதைத்த அவர்களுக்கு எந்த நிறுவனமும் அட்டை அடிக்கப் போவதில்லை. அவர்களின் பெயரைக் கேளுங்கள். எந்த ஆண்டு, எந்தத் தோட்டத்துக்கு எதிராக, எத்தனை கோல் என்று கேட்டு எழுதுங்கள். கையெழுத்து வாங்குங்கள்.

அவர்களுள் சிலருக்கு எழுதத் தெரியாமலிருக்கலாம். அதனால் என்ன? மைத்தட்டை நீட்டுங்கள். கையெழுத்தைப் போலவே அந்தக் கைநாட்டையும் மரியாதையுடன் வாங்கி, தேதியிட்டு, அதே பெட்டியில் வையுங்கள். எளிதில் போலி செய்ய முடியாத கையெழுத்து அதுதான்.