ஒரு சொல்லை வெட்டிய கணக்கு

1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவில் ஒரு சொல்லை வெட்டியது. அதுவரை அந்தப் பிரிவு 'ஆண்' ஒருவர் இன்னோர் ஆணோடு பாலுறவுச் செயலில் ஈடுபடுவதைத்தான் குற்றம் என்றது. திருத்தத்தில் 'ஆண்' போய் 'ஆள்' மட்டும் மிஞ்சியது. ஆள் என்றால் பெண்ணும்தான். உச்சத் தண்டனை 2 வருடச் சிறை, அல்லது குற்றப்பணம், அல்லது இரண்டும். பெண்ணை விரும்பும் பெண்ணுக்கு இந்த நாட்டுச் சட்டம் கொடுத்த முதல் சமத்துவம் இதுதான்: ஆணோடு சமமாக உள்ளே போகலாம்.

இந்தத் திருத்தத்துக்குப் பின் எத்தனை பெண்கள் மறியலுக்குப் போனார்கள் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. செலவு எழுதப்பட்டிருப்பது வேறு கொப்பியில். ஒரு சொல்லை வெட்டி அவளைக் குற்றக் கணக்கில் சேர்த்த அரசு, தன் சுகாதாரக் கணக்கில் அவளைச் சேர்க்க ஒரு சொல்லையும் வெட்டவில்லை. அங்கே நிற்கும் சொல் 'விவாகமானவர்'.

மருத்துவமாதின் கையில் ஒரு பதிவேடு இருக்கும். படிவ இலக்கம் எச் 526, தகுதியுள்ள குடும்பங்களின் பதிவேடு. 15 முதல் 49 வயது வரையான மனைவி உள்ள வீடுகளைச் சுற்றிக் கட்டப்பட்டது. கர்ப்பம், பிரசவம், தடுப்பூசி, குடும்பத்திட்டம் எல்லாம் அந்த வரியிலிருந்துதான் கிளைக்கும். பிரசவத்தில் தாய்மார் சாவதை இந்த நாடு குறைத்ததில் அந்தக் கொப்பிக்கும் அதைச் சுமந்து வீடுவீடாக ஏறிய பெண்களுக்கும் பெரிய பங்குண்டு. அதை மறுக்க மாட்டேன். ஆனால் கொழும்பு வெள்ளவத்தை ஒழுங்கையொன்றின் அனெக்ஸில் இருக்கும் 41 வயதுக் கலியாணமாகாத பெண்ணின் கதவைத் தட்ட அந்தக் கொப்பியில் காரணம் இல்லை.

பெரிய கணக்கெடுப்பும் அப்படித்தான். 2016 குடிசன மற்றும் சுகாதார அளவீட்டில் 27,210 வீடுகளுக்குப் போனார்கள். 18,302 பெண்களிடம் தனியாக இருந்து பேசினார்கள். அத்தனை பேரும் ஒருமுறையாவது கலியாணம் முடித்தவர்கள். ஒருபோதும் முடிக்காத பெண்கள்: 0. வீட்டில் இருந்திருப்பார்கள், தேத்தண்ணீர் ஊற்றியும் கொடுத்திருப்பார்கள். கேள்வி அவர்களுக்கில்லை.

அந்த 41 வயதுக்காரி என் சிநேகிதி. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த ஒருத்தியோடு 9 வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறாள். போன வருடம் வயிற்றின் கீழே விட்டுவிட்டு வந்த நோவுக்காக அவளோடு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எது என்று சொல்லத் தேவையில்லை, எங்கேயும் அப்படித்தான். தாதி நிமிராமலே கேட்டாள்: "விவாஹகத?" என் சிநேகிதிக்குச் சிங்களம் நன்றாக வரும். "நே" என்றாள். தாதி ஒரு கோடு போட்டாள். பிறகு டொக்டர் வந்து, தமிழ் என்று தெரிந்ததும் கொஞ்சம் இளகி, "கலியாணம் முடிக்கேல்லையோ பிள்ளை? அப்ப உள் பரிசோதனை தேவையில்லை" என்று சொல்லி வயிற்றின் மேலால் மட்டும் ஸ்கான் எழுதிக் கொடுத்தார். மொத்தம் 4 நிமிடம். அந்த 4 நிமிடத்தில் ஒரு முழு ஊகம் எழுதப்பட்டுவிட்டது: கலியாணம் இல்லை, ஆகவே உடலுறவு இல்லை, ஆகவே அந்த வகை நோய் இல்லை. டொக்டர் கெட்டவர் இல்லை. மரியாதைக்குத்தான் அப்படிச் செய்தார். அந்த மரியாதையில்தான் பரிசோதனை விடுபட்டது.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் 6 பேர் காத்திருந்தார்கள். அதில் ஒரு அன்ரி வெள்ளவத்தைச் சந்தையில் எங்களைப் பார்த்தால் சிரிப்பவர். சொன்னால் அது வைத்தியத் தகவலாக மட்டும் இருக்காது. 365அ பிரிவின்படி ஒரு வாக்குமூலமும் ஆகும். டொக்டர் பொலிசுக்குப் போகப் போவதில்லை என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தாலும் வாய் திறக்கவில்லை.

இந்த விடுபடலுக்கு என்ன விலை என்று பார்ப்போம். வெல் வுமன் கிளினிக்குகள் 1996 இல் தொடங்கின. 35 வயதிலிருந்து பெண்களைக் கூப்பிட்டு இரத்த அழுத்தம், சீனி, மார்பகம் பார்த்து, கருப்பைக் கழுத்தைச் சோதிக்கும் பாப் ஸ்மியர் எடுப்பார்கள். 35 வயதும் பிறகு 45 வயதும் இலக்கு வயதுகள். கட்டணம் 0 ரூபாய். கதவு எல்லாருக்கும் திறந்துதான் இருக்கிறது. ஆனால் "நீ வா" என்று சொல்லும் வாய் பெரும்பாலும் மருத்துவமாதினுடையது, அவர் கையில் இருப்பது எச் 526. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைக் கொண்டுவரும் எச்.பி.வி. வைரஸ் பெண்ணிலிருந்து பெண்ணுக்கும் தொற்றும். தோலோடு தோல் பட்டால் போதும், ஆண் தேவையில்லை. 'ஆம்பிளையே இல்லை, எங்களுக்கு எதற்கு' என்று இந்தப் பெண்களிலேயே பலர் நம்பியிருக்கிறார்கள். பிரித்தானியாவிலும் நெடுங்காலம் இதே தவறான நம்பிக்கை இருந்தது. அங்கே இப்போது லெஸ்பியன் பெண்களும் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று சுகாதார சேவையே வெளிப்படையாகச் சொல்கிறது.

எச்.பி.வி. தடுப்பூசி இலங்கையில் 2017 இல் வந்தது, தரம் 6 மாணவியருக்கு, இரண்டு ஊசி. பாடசாலை வரிசையில் நிற்கும் பிள்ளையிடம் யாரும் விவாகமானவரா என்று கேட்பதில்லை. சட்டைக் கையை மடித்தால் போதும். கலியாணத்தைக் கேட்காத ஒரே இனப்பெருக்கச் சுகாதாரத் திட்டம் எனக்குத் தெரிந்து அதுதான். பிள்ளை சின்னவள் என்பதால்தான் கேட்கவில்லை. அன்று 11 வயதில் ஊசி போட்டவளுக்கு 35 வயது வருவது 2041 இல். அதுவரை வெல் வுமன் கிளினிக்கின் வாசலுக்கு வரவேண்டிய வயதுக்காரிகள் எல்லாம் ஊசி போடாத தலைமுறை. அவர்களுக்கு இருக்கும் முக்கிய வேலி அந்த ஸ்மியர். என் சிநேகிதிக்கு 35 வந்து 6 வருடம். எடுத்த ஸ்மியர் 0.

பணம் எந்த வழியாகப் பாய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பால்புதுமையினர் சுகாதாரம் என்று இந்த நாட்டில் செலவான பணத்தில் பெரும்பகுதி எச்.ஐ.வி. வழியாக வந்தது. பாலியல் நோய் எயிட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் 2018 மதிப்பீட்டில் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள் சுமார் 40,000, திருநங்கையர் சுமார் 2,200 என்று கணக்குண்டு. பாலியல் தொழிலாளர்கள், கடற்கரைப் பையன்கள், ஊசி மூலம் போதை ஏற்றுபவர்கள் என்று வரிசை நீளும். பெண்ணை விரும்பும் பெண்களுக்கு அதில் நிரல் இல்லை. எச்.ஐ.வி. ஆபத்துக் குறைவு, ஆகவே கணக்கில் இல்லை. ஆபத்து என்ற சொல்லுக்கு அங்கே ஒரே ஒரு வைரஸ்தான் அர்த்தம். மனச்சோர்வு, குடும்ப அடி, கட்டாயக் கலியாணம், ஸ்மியர் எடுக்காத 6 வருடம், இவற்றுக்கு நிதி கொடுக்கும் சர்வதேச உண்டியல் எதுவும் அந்த அளவில் திறக்கவில்லை. இரக்கமில்லாமல் சொன்னால், இவர்கள் அந்த வைரஸைப் பரப்பாதவர்கள் என்று நினைத்ததால் யாரும் இவர்களை எண்ணவில்லை.

மனநலக் கணக்கு இன்னும் சிக்கலானது. உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1990 மே 17. இலங்கை மனநல மருத்துவர் கல்லூரி, இது நோய் இல்லை என்று பகிரங்க அறிக்கை விட்டது 2021 இல். இடைவெளி 31 வருடம். அதற்கு அடுத்த வருடமே, 2022 ஜூனில், அக்கரைப்பற்றில் ஒரு பெண்ணும் அவளைத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து வந்த இன்னொரு பெண்ணும் நீதவான் முன் நிறுத்தப்பட்டபோது, மனநலப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லித்தான் உத்தரவு வந்தது. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் அதற்கு ஒரு வருடம் முன்பு, 2021 ஜூன் 7 அன்று, மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 'மாற்றும் சிகிச்சை' என்ற பெயரில் நடப்பதைத் தடை செய்யச் சொன்னார். தீர்ப்பெழுத முன் தானே ஒரு உளவியலாளரிடம் போய் இருந்து கேட்டுப் படித்ததாகவும் எழுதினார். நீதிபதி வைத்தியரிடம் போனார். எங்கள் பக்கம் நீதிமன்றம் பெண்களை அனுப்பியது.

1995 க்கு இன்னொரு எண்ணும் உண்டு. அந்த வருடந்தான் இலங்கையின் தற்கொலை வீதம் உச்சத்தைத் தொட்டது: 100,000 பேருக்கு ஏறத்தாழ 47. அதன் பிறகு கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்து அதை மூன்றில் ஒரு பங்களவுக்கு இறக்கினார்கள். 1998 இல் தற்கொலை முயற்சி குற்றம் என்ற 302 ஆம் பிரிவையும் நீக்கினார்கள். தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து சுகாதாரத்துக்காக ஒரு பிரிவை எடுக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? இறந்தவர்களில் எத்தனை பேர் இன்னொரு பெண்ணை நினைத்து இறந்தார்கள் என்பதற்கு நிரல் இல்லை. மரண விசாரணை அறிக்கையில் 'காதல் தோல்வி', 'வயிற்று வலி' என்றுதான் வரும். இதை வாசிக்கும் யாருக்காவது இரவு நீளமாக இருந்தால்: தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் 1926, மூன்று மொழியிலும் பேசலாம். 1333 உம் இலவசம்.

காசாகவே தெரிந்த ஒரு செலவும் உண்டு: 2,100 ரூபாய். 1999 இல் லெஸ்பியன் பெண்களின் மாநாடு ஒன்று நடக்கப்போவதாகச் செய்தி வந்தது. வன்புணர்வுக் குற்றவாளிகளை அவிழ்த்து அங்கே விட வேண்டும் என்று ஒருவர் எழுதிய கடிதத்தை 'த ஐலண்ட்' பத்திரிகை பிரசுரித்தது. 'கம்பானியன்ஸ் ஒன் எ ஜேர்னி' அமைப்பின் ஷேர்மன் டி ரோஸ் பத்திரிகைச் சபையிடம் முறையிட்டார். 2000 இல் சபை அந்த முறைப்பாட்டைத் தள்ளியது. பெண்களின் இந்த உறவு தண்டனைச் சட்டப்படி குற்றம், அதுவே ஒரு குரூரம் என்ற பாணியில் எழுதி, முறையிட்டவரையே 2,100 ரூபாய் கட்டச் சொன்னது. சிறைக்கு அனுப்பாவிட்டால் ஒரு சட்டம் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு இந்தப் பற்றுச்சீட்டைக் காட்டலாம். சொல்லை வெட்டி 5 வருடம்கூட முழுதாக ஆகவில்லை.

பிறகு நாட்கணக்கு. ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பை 2004 இல் தொடங்கிய ரொசானா ஃபிளேமர்-கல்டேரா, 2018 ஓகஸ்டில் ஐ.நா.வின் பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் குழுவிடம் போனார். இலங்கை அந்தக் குழுவின் உடன்படிக்கையில் சேர்ந்தது 1981 இல், தனிநபர் முறையிடலாம் என்று ஒப்புக்கொண்டது 2002 இல். 42 மாதம் கழித்து, 2022 பெப்ரவரியில், பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்குவது உடன்படிக்கையை மீறுவது என்று குழு முடிவெடுத்தது. உலகிலேயே அப்படி ஒரு முடிவு அதுதான் முதல் தடவை. 2023 இல் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த இந்த உறவைக் குற்றக் கணக்கிலிருந்து எடுக்கத் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார். அந்த மே மாதம் உயர் நீதிமன்றம் அது யாப்புக்கு முரணில்லை என்றது. 2024 செப்டெம்பர் 24 அன்று பாராளுமன்றம் கலைந்தது, சட்டமூலமும் கலைந்தது. 225 பேரில் எவருக்கும் கை உயர்த்தவோ உயர்த்தாமல் விடவோ வாய்ப்பு வரவில்லை.

இனி வீட்டுக் கணக்கு. வெள்ளவத்தையில் இரண்டு பெண்கள் சேர்ந்து அனெக்ஸ் எடுப்பது லேசு. 'பொம்பிளைப் பிள்ளைகள் மட்டும்' என்று விளம்பரமே போடுவார்கள். வீட்டுக்கார அம்மாவுக்கு நிம்மதி: ஆம்பிளை வரத்து இல்லை, மீன் பொரிக்கிற மணமும் குறைவு. தனியாக இருக்கும் ஒரு பையனிடம் கேட்கும் கேள்வியை அவர்களிடம் கேட்க மாட்டார். யாரும் அவர்களை அப்படி நினைத்துப் பார்க்காததுதான் அவர்களுக்குக் கூரை. ஆனால் அந்தக் கூரைக்கும் வாடகை உண்டு. என் சிநேகிதி வீட்டில் இரண்டு அறை, இரண்டு கட்டில், இரண்டு மெத்தை. ஒரு கட்டில் 9 வருடமாகப் புதுசு. யாழ்ப்பாணத்து இரவு பஸ் விடியற்காலை காலி வீதியில் அம்மாவை இறக்கிவிடும் நாட்களில் மட்டும் அதன் விரிப்பைக் கசக்கிவிட வேண்டும். வருடத்தில் 3 தடவை. ஒரு அறை போதுமான இடத்தில் இரண்டு அறைக்கு வாடகை, அதற்கு ஒரு வருட முற்பணம். அம்மா ஒவ்வொரு முறையும் ஒரு சாதகத்தோடு வருவார். இந்த 9 வருடத்தில் பொருந்திய சாதகங்கள் 11 என்று ஒரு நாள் எண்ணிச் சொன்னாள். சீதனக் கணக்கு இதில் சேர்க்கவில்லை.

2024 தொகைமதிப்பின் முதற்கட்ட அறிக்கையில் நாட்டின் சனத்தொகை 21,763,170. அதில் இவர்கள் 2 பேரும் இருக்கிறார்கள். வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்று கேட்டபோது ஒருத்தி தலைவரானாள், மற்றவள் உறவில்லாதவள். யார் எது என்று நாணயம் சுண்டிப் பார்த்ததாகச் சொன்னார்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று இரவு அவர்கள் பேசியது நோவைப் பற்றி இல்லை. அடுத்த முறை பெரிதாக ஏதும் என்றால் வார்ட்டில் "சொந்தக்காரர் யார்?" என்று கேட்பார்களே, அதைப் பற்றி. உயிரோடு இருக்கும்போது அந்தக் கேள்விக்கு இந்த நாட்டில் அவர்களுக்குக் கடதாசி இல்லை. இறந்த பிறகு இருக்கிறது. 1844 இன் 21 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி ஒருவர் தன் சொத்தை மரணசாதனம் மூலம் யாருக்கும் எழுதலாம். இரத்த உறவு வேண்டியதில்லை, விவாகமும் வேண்டியதில்லை. நொத்தாரிசு முன்னால் எழுதினால் 2 சாட்சி. நொத்தாரிசு இல்லாமல் என்றால் 5 சாட்சி.

நொத்தாரிசிடம் போனால் விஷயம் வெள்ளவத்தை முழுக்கப் போய்விடும் என்று கொட்டாஞ்சேனைக்காரி சொன்னாள். சரி, ஐந்து பேரைத் தேடுவோம் என்று என் சிநேகிதி விரல் விட்டாள். நான் ஒன்று. அவளோடு வேலை செய்யும் ஒருவர் இரண்டு. கனடாவில் இருக்கும் அண்ணன் மகள் மூன்று. அவள் நேரில் இருந்து ஒப்பம் வைக்க வேண்டும், அதனால் அந்த விரலை மடக்கினாள். பிறகு கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தெரிந்தவர் இல்லாத ஒரு நொத்தாரிசு தெஹிவளைப் பக்கம் இருக்கிறாரா என்று என்னிடம் கேட்டாள்.