போலீஸ்காரர் பிச்சை எடுக்கிறார்!

காக்கி உடுப்பு, தொப்பி, கையில் லத்தி. "அம்மா, தர்மம் போடுங்க!" என்று தட்டை நீட்டுகிறார் 'இன்ஸ்பெக்டர்'! பின்னால் கரடி, குரங்கு, நாக்கைத் தொங்கவிட்ட காளி.

திருச்செந்தூர் அருகே குலசேகரன்பட்டினத்தில் நவராத்திரி தசரா வந்தால் இதுதான் காட்சி. முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காப்புக் கட்டி வேஷம் போடுவார்கள். லட்சாதிபதி ஆனாலும் தட்டு ஏந்தித்தான் ஆகவேண்டும். சேர்ந்த காசு அம்மன் உண்டியலுக்கு. காளி கையில் இருப்பது அட்டைச் சூலம்தான். இரும்பு ஆயுதத்துக்கு நிஜப் போலீஸ் தடை!

விஜயதசமி நள்ளிரவில் கடற்கரையில் சூரசம்ஹாரம். லட்சக்கணக்கில் கூட்டம். ஜேப்படி ஆசாமிக்கு மட்டும் வேஷம் தேவையில்லை! நகையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பிள்ளைகள் சட்டைப்பையில் பெயர், போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும். சம்ஹாரம் முடிந்த கையோடு பஸ்ஸுக்கு முண்டியடிக்க வேண்டாம். ஓரமாகத் துண்டை விரித்துப் படுத்துவிட்டு, விடிந்ததும் கிளம்பலாம்.