கவிஞனின் கதையில் கேட்காத கவிதை

"இவ்வளவு பெரிய புத்தகமா? படத்தைப் பார்த்தால் போதாதா?" என்று உம்மா கேட்டார். என் கையிலிருந்தது ரஷ்ய எழுத்தாளர் பொரிஸ் பாஸ்டர்நாக்கின் 'டொக்டர் ஷிவாகோ' நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு. பின்பு இருவருமாகப் படத்தையும் பார்த்தோம். உம்மாவின் கேள்விக்கு நான் கண்ட பதிலே இக்கட்டுரை.

கதாநாயகன் யூரி ஷிவாகோ ஒரு மருத்துவர், கவிஞரும்கூட. ரஷ்யப் புரட்சிக் காலத்தில் அவரது குடும்பமும் காதலும் சிதறுவதே கதை. சோவியத் நாட்டில் இந்நாவலை வெளியிட அனுமதி கிடைக்கவில்லை. 1957இல் அது இத்தாலியில் வெளிவந்தது. மறு வருடம் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, நாட்டில் எழுந்த கடும் நெருக்குதலால் பாஸ்டர்நாக் அதை மறுக்க நேர்ந்தது. 1960இல் அவர் காலமானார். அவரது தாய்நாட்டில் நாவல் அச்சேறியது 1988இல்தான்.

1965இல் டேவிட் லீன் இதைத் திரைப்படமாக்கினார். ரஷ்யாவில் எடுக்க முடியாததால் பெரும்பகுதி ஸ்பெயினில் படமாக்கப்பட்டது. பனி மூடிய வீட்டின் உட்புறத்தை மெழுகினால் உருவாக்கினார்கள். எகிப்திய நடிகர் ஓமர் ஷரீப் யூரியாக நடித்தார். படம் ஐந்து ஒஸ்கார் விருதுகளை வென்றது. பனியையே கண்டிராத எனக்கு, அந்த வெண்ணிறப் பரப்பையும் நீண்ட ரயில் பயணத்தையும் படமே புரிய வைத்தது.

ஆனாலும் ஒரு குறை உண்டு. நாவலில், ஒரு குளிர்கால இரவில் யூரி மொஸ்கோ வீதியால் செல்கிறார். ஒரு யன்னல் கண்ணாடியில் படிந்த உறைபனியை உள்ளே எரியும் மெழுகுவர்த்தி உருக்கியிருக்கிறது. அந்த அறையில் இருப்பவள், பின்னாளில் அவர் நேசிக்கப்போகும் லாரா. அது அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த வெளிச்சத்தைக் கண்டதும் ஒரு கவிதையின் முதற்சொற்கள் அவர் மனதில் பிறக்கின்றன. நாவலின் இறுதிப் பகுதியில் யூரியின் 25 கவிதைகள் உள்ளன. மெழுகுவர்த்திக் கவிதையும் அவற்றில் ஒன்று.

படத்திலும் அந்த மெழுகுவர்த்தி எரிகிறது, பனி உருகுகிறது. கவிதை மட்டும் இல்லை. பிற்பகுதியில் யூரி கடுங்குளிரில் எழுதுகிறார், லாரா வாசிக்கிறாள். எமக்கு ஒரு வரியும் கேட்பதில்லை. மொரிஸ் ஜாரின் இசைதான் அந்த இடத்தை நிரப்புகிறது. கமராவினால் எழுதும் கையைக் காட்டமுடியும். மனதில் ஒரு சொல் பிறப்பதைச் சொல்ல இன்னொரு சொல்தான் வேண்டும்.

படம் முடிந்த பின் அந்தக் கவிதையை உம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். "அந்த யன்னல்தானே?" என்று கேட்டார். "ஓம் உம்மா" என்றேன்.

"மற்றதையும் சொல்லு" என்றார். இப்போது ஒவ்வோர் இரவும் ஒரு கவிதை சொல்கிறேன்.