ஈர மணலில் ஆழக் குழி

மட்டக்களப்பு வாவியின் சேற்றில் முழங்கால் வரை இறங்கி நடந்தவர் எவரும் ஒன்றை அறிவர். சேற்றில் புதைந்த காலை நேரே மேலே இழுத்தால் அது எளிதில் வருவதில்லை. கீழிருந்து எவரோ பற்றிப் பிடித்திருப்பது போலத் தோன்றும். காலைச் சற்றே பக்கவாட்டில் அசைத்து, பாதத்தின் ஓரமாக நீர் இறங்க இடங்கொடுத்தால், அதே கால் தடையின்றி வெளியே வந்துவிடும். அதுவரை காலைப் பிடித்து வைத்தது சேற்றின் ஒட்டுந்தன்மை மட்டும் அன்று. பாதத்தின் கீழே உண்டாக முயன்ற வெற்றிடமும் ஆகும். இச்சிறு அனுபவத்தில் அடங்கிய உண்மையைக் கொண்டே, ஈர மணலில் எந்த இயந்திரமும் இன்றி, இரு கைகளால் ஆழமான தூண்குழி தோண்டும் வழி ஒன்று அமைந்திருக்கிறது.

இத்தகைய வழிக்கு மட்டக்களப்பில் தேவை என்ன? நிலத்தின் இயல்பை நோக்கினால் விடை கிடைக்கும். வாவி, வடக்கே ஏறாவூர்ப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதன் மேற்கே நெல்வயல்கள் நிறைந்த படுவான்கரை. கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில், ஒடுங்கிய எழுவான்கரை. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி முதலிய ஊர்கள் எல்லாம் இந்த எழுவான்கரை மணலின் மேல் அமைந்தவை. மேலே உலர்ந்த மணல்; சிறிது ஆழத்தில் ஈர மணல்; அதன்கீழ் நீர் நிறைந்த மணல். மாரி காலத்தில் அந்நீர் மட்டம் இன்னும் மேலே ஏறிவிடும்.

இந்நிலத்தில் வேலிக்குக் கப்பு நட விரும்பும் ஒருவர், அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டு வேலையைத் தொடங்குகிறார் என்று கொள்வோம். உலர்ந்த மணல் செங்குத்தாக நிற்காது. ஏறக்குறைய 33 பாகைச் சரிவில்தான் தங்கும். ஆகவே 1½ மீற்றர் ஆழம் வேண்டுமானால், குழியின் வாய் 4½ மீற்றருக்கு மேல் அகன்றுவிடும். அள்ள வேண்டிய மணல் 8 கன மீற்றர் அளவுக்கு வந்துவிடும். தூணுக்கு உண்மையில் வேண்டுவதோ 15 சென்ரிமீற்றர் அகலமான ஒரு துளை. அதிலிருந்து அகற்ற வேண்டிய மணல் ஏறத்தாழ 27 லீற்றர்தான். முந்நூறில் ஒரு பங்கு வேலைக்காக முந்நூறு பங்கு உழைப்பு! அதுவும் நீர்மட்டம் வரையில்தான். அதற்குக் கீழே, ஒரு வெட்டு மணலை அள்ளினால் மறு வெட்டுக்கு முன் அதே அளவு மணல் நீரோடு சேர்ந்து பக்கங்களிலிருந்து ஓடிவந்து நிரம்பிவிடும். தோண்டுபவர் களைத்து, அரை மீற்றர் ஆழமே போதும் என்று கப்பை நட்டுவிட்டுப் போவது இதனால்தான்.

அரை மீற்றர் போதுமா என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி, கூரைகளைப் பறித்தது. வேரூன்றி நின்ற தென்னைகளையே தோட்டம் தோட்டமாகச் சாய்த்தது. அத்தகைய காற்றின் முன் ஆழமில்லாத கப்பு எம்மாத்திரம்! ஒரு தூண் மணலில் எவ்வளவு உறுதியாக நிற்கும் என்பதற்குப் பொறியியலாளர் ஒரு கணக்கு வைத்திருக்கின்றனர். தரைக்கு மேலே 1½ மீற்றர் உயரத்தில் காற்றின் தள்ளுதலைத் தாங்கும் ஒரு தூண், அரை மீற்றர் ஆழத்தில் நின்றால் கொண்டிருக்கும் வலிமையைவிட, 1 மீற்றர் ஆழத்தில் நின்றால் ஏறத்தாழ 6 மடங்கு வலிமை பெறும். ஆழம் இருமடங்கு, உறுதியோ ஆறு மடங்கு. அன்றியும், நீரில் மூழ்கிய மணலின் எடையில் ஒரு பங்கை நீரே தாங்கிக்கொள்வதால், அம்மணலின் பிடி ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். எனவே, தோண்டுதற்கு மிக அரிதான ஈர நிலத்திலேதான் ஆழம் மிகவும் வேண்டப்படுகிறது. இம்முரண்பாட்டைத் தீர்க்க உதவுவதே வெற்றிடத்தின் துணைகொண்ட கைக்கருவி.

வெற்றிடம் பொருள்களை இழுக்கிறது என்று பொதுவாகச் சொல்வது வழக்கம். உண்மையில் வெற்றிடம் எதனையும் இழுப்பதில்லை. நிலத்தைச் சூழ்ந்துள்ள காற்று எல்லாப் பொருள்களையும் அமுக்கிக்கொண்டிருக்கிறது. இந்த அமுக்கம் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 1 கிலோகிராம் எடைக்குச் சமம். ஒரு பக்கத்தில் காற்றை அகற்றிவிட்டால், மறுபக்கத்துக் காற்று எதிர்ப்பின்றித் தள்ளுகிறது. இத்தாலிய அறிஞர் தொரிசெல்லி, 1643ஆம் ஆண்டளவில், ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் இரசத்தை நிரப்பிக் கவிழ்த்தபோது, அது முழுவதும் இறங்கிவிடாமல் ஏறக்குறைய 76 சென்ரிமீற்றர் உயரத்தில் நின்றது. இரசத்துக்குப் பதில் நீராயின், காற்று அதனை 10 மீற்றருக்குச் சற்று மேல்வரை தாங்கும். இளநீரில் குழாயை இட்டு, அதன் மேல்வாயை விரலால் அடைத்துத் தூக்கும் சிறுவன் காண்பதும் இதுவே. விரல் இருக்கும்வரை இளநீர் குழாயில் நிற்கும். விரலை எடுத்தால் விழுந்துவிடும்.

கருவியும் அதுவேதான், குழாய் மட்டும் பெரியது. ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் அகலமும் 2 மீற்றர் நீளமும் கொண்ட உறுதியான குழாய் ஒன்று. கீழ்முனை திறந்திருக்கும், அதன் விளிம்பு கூராக்கப்பட்டிருக்கும். மேல்முனை மூடப்பட்டு, அம்மூடியில் விரலால் அடைக்கத்தக்க சிறு துளை ஒன்று இருக்கும். பிடிப்பதற்குக் குறுக்கே ஒரு கைப்பிடி. துளையைத் திறந்தபடியே குழாயை மணலில் அழுத்தித் திருகினால், உள்ளிருக்கும் காற்றும் நீரும் துளை வழியே வெளியேற, ஈர மணல் குழாயினுள் ஏறும். பின்பு துளையை அடைத்துக் குழாயைத் தூக்க வேண்டும். உள்ளே 40 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மணல் இருந்தால் அதன் எடை 6 கிலோகிராமுக்குச் சற்று மேலாகும். அதன் அடிப்பரப்பில் காற்று மேல்நோக்கித் தள்ளக்கூடிய விசையோ ஏறத்தாழ 80 கிலோகிராம் எடைக்குச் சமம். மணல் ஏன் விழவில்லை என்பதற்கு இக்கணக்கே விடை. குழிக்கு வெளியே கொண்டுவந்து விரலை எடுத்ததும் மணல் தானே கொட்டிவிடும்.

இதனினும் சிறந்த வகையில், மூடிக்குப் பதிலாகக் குழாயினுள்ளே றப்பர் வளையம் பூட்டிய தண்டு ஒன்று இருக்கும். குழாயை அழுத்தும்போதே தண்டை மேலே இழுத்தால், ஈர மணல் விரைந்து உள்ளேறும். தண்டைக் கீழே தள்ளினால் மணல் வெளியே தள்ளப்படும். ஆஸ்திரேலியக் கடற்கரைகளில், தூண்டிலுக்கு இரையாகும் சிறு உயிர்களை ஈர மணலிலிருந்து எடுக்கத் தூண்டிற்காரர் கைக்கொள்ளும் பம்பி இவ்வகையைச் சேர்ந்ததே.

கங்கைச் சமவெளியிலும் வங்கதேசத்திலும் இதே கொள்கை பெரும் பணிக்குப் பயன்பட்டுள்ளது. அங்கே குழாய்க் கிணறு அமைப்போர், நீர் நிரப்பிய சிறு குழியின் நடுவே ஓர் இரும்புக் குழாயை நிறுத்தி, மூங்கில் நெம்புகோலால் அதனை மேலும் கீழும் இயக்குவர். சாரத்தின் மேல் இருப்பவர் குழாயின் மேல்வாயைத் தம் உள்ளங்கையால் காப்பார். குழாய் மேலே எழும்போது கை மூடும். கீழே இறங்கும்போது கை திறக்கும். ஒவ்வோர் இறக்கத்திலும் மணல் கலந்த நீர் குழாய் வழியே பீறிட்டு வெளிவரும். ஒரு மனிதனின் உள்ளங்கையே அங்கே பம்பியின் தடுக்கிதழ். அவ்வண்டல் நிலங்களில் எண்ணற்ற கிணறுகள் இவ்வாறு கைகளாலேயே இறக்கப்பட்டுள்ளன.

எழுவான்கரை போன்ற மணலில் இக்கருவியைக் கையாள விரும்புவோர் மனத்திற் கொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவது, உலர்ந்த மணல் குழாயில் நிற்காது. மணற்பரல்களின் இடுக்குகளில் நீர் நிறைந்திருந்தாலன்றிக் காற்று அவற்றின் வழியே புகுந்து, தாங்கும் விசையை அழித்துவிடும். ஆதலால் மேலுள்ள உலர் மணலைச் சிறிது அகற்றி, அவ்விடத்தில் அகன்ற குழாய்த் துண்டு ஒன்றையோ அடியில்லாத வாளி ஒன்றையோ பதித்து, நீர் ஊற்றி ஊற்றித் தோண்டுதல் வேண்டும்.

இரண்டாவது, குழியிலுள்ள நீரை இறைத்துவிடுதல் பெருந்தவறு. நீர் தொல்லை தருவதாகத் தோன்றினும், குழியின் சுவரைக் காப்பது அதுவே. சுற்றுப்புற நீர்மட்டத்தைவிடக் குழியின் நீர்மட்டம் உயர்ந்திருக்குமாயின், நீர் உள்ளிருந்து வெளியே தள்ளி மணலைத் தாங்கி நிற்கும். தாழ்ந்திருக்குமாயின், வெளிநீர் மணலையும் இழுத்துக்கொண்டு உள்ளே பாயும். படுவான்கரை வயற்களியைச் சிறிதளவு நீரிற் கரைத்து ஊற்றினால், அக்களி சுவரின் இடுக்குகளில் படிந்து மெல்லிய தோல் போல நின்று காக்கும். சில நாடுகளில் இதற்குச் சாணத்தைக் கரைத்து ஊற்றுவதுண்டு. குடிநீர்க் கிணறுகள் நெருங்கியிருக்கும் மணல் நிலத்தில் அது தகாது.

மூன்றாவது, தூக்கும் முறை. சேற்றில் புதைந்த காலின் பாடம் இங்கே பயன்படுகிறது. நிறைந்த குழாயை விரைந்து நேரே இழுத்தால், அதன் அடியில் வெற்றிடம் உண்டாக முயலும். அப்போது குழாய் மேலே வர மறுப்பதோடு, சுற்றியுள்ள மணலும் அடியை நோக்கிச் சரியும். குழாயை இருபுறமும் மெல்ல அசைத்து, அதன் ஓரமாக நீர் கீழிறங்க வழிசெய்து, பிறகு நிதானமாகத் தூக்க வேண்டும். குழாயினுள் மணலைத் தாங்கும் வெற்றிடம் நண்பன். குழாயின் அடியில் தோன்றும் வெற்றிடம் பகைவன். முன்னதைக் காத்துப் பின்னதைத் தவிர்ப்பதே இக்கருவியைக் கையாளும் திறமை.

15 சென்ரிமீற்றர் அகலமும் 1½ மீற்றர் ஆழமும் உள்ள குழிக்குக் கணக்கின்படி ஒன்பது முறை தூக்கினாற் போதும். சரியும் மணலையும் சேர்த்தால் இன்னும் சில முறை ஆகலாம். குழி முடிந்ததும் காலந்தாழ்த்தாமல் தூணை இறக்கி, பருமணலைச் சிறிது சிறிதாக இட்டு, நீர் ஊற்றித் தூணை அசைத்து இடித்தால், மணற்பரல்கள் நெருங்கி இறுகும். கல்லும் சிப்பியும் மிகுந்த இடத்திலும், ஒட்டுங்களி நிலத்திலும் இக்கருவி உதவாது. அங்கே அலவாங்குக்கே முதலிடம்.

இம்முறையில் உயிர்க்காப்பும் ஒன்றுண்டு. அகன்ற மணற்குழியில் ஆள் இறங்கித் தோண்டும்போது பக்கங்கள் சரிந்தால், நொடிப்பொழுதில் மார்பளவு மணல் மூடிவிடும். மார்பு இறுகியவர் மூச்சுவிட இயலாது. ஒடுங்கிய குழியிலோ எவரும் இறங்க வேண்டியதில்லை. தோண்டுபவர் எப்போதும் தரையின்மேல் நிற்கிறார். எனினும் தூண் நடும்வரை குழியின் வாயைப் பலகையால் மூடி வைத்தல் வேண்டும். சிறுவர் கால் தவறுவதற்கு ஒரு சிறு துளையே போதும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இவ்வளவு எளிதில் ஆழம் செல்லும் கருவி கைக்கு வந்தால், அதனைக் கொண்டே கிணற்றையும் ஆழமாக்கினால் என்ன என்ற எண்ணம் எழுதல் இயல்பு. தூணுக்கு நன்மையான ஆழம் கிணற்றுக்குத் தீமையாகலாம். கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள மணலில், மழையால் வந்த நன்னீர், கனத்த உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அறிவியற் கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்து நிற்கும் நன்னீருக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் உண்டு. மேல்மட்டம் 1 அடி தாழ்ந்து அங்கேயே நிலைத்தால், கீழிருந்து உவர்நீர் காலப்போக்கில் அதே 40 அடி மேலேறும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரைக் கிணறுகளை உவராக்கியபோது, அவற்றைத் துப்புரவு செய்யும் நல்லெண்ணத்தோடு பம்பிகளால் அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களில், கீழுள்ள உவர்நீர் மேலெழும் கேடு நேர்ந்தது. உவரை மெல்லக் கழுவிக் கீழே அனுப்பியது பின்னர் பெய்த மழையே.

ஆதலின் எழுவான்கரையில் குழி தோண்டுவோர், இங்கே நிறுத்தப்படுவது தூணா, எடுக்கப்படுவது நீரா என்பதை முதலில் தெளிதல் வேண்டும். தூணாயின், கை சலிக்கும்வரை அன்று, காற்றுக்குப் போதுமான ஆழம்வரை செல்லலாம். அதற்குப் பெரிய இயந்திரமோ மிகுந்த பொருட்செலவோ வேண்டியதில்லை. ஒரு குழாய், ஒரு வாளி நீர், அவற்றைப் பொறுமையோடு கையாளும் இரு கைகள் ஆகியவையே போதும். தூக்கும்போது மணல் குழாயிலிருந்து விழாமல் காற்று தாங்கிக்கொள்ளும்.